தங்கை மகன் ஏன் சொன்னதை மறக்கிறான்? கருவில் மதுவின் பாதிப்பு பற்றி ஒரு பதில்

கேள்வி: என் தங்கை மூன்று வருடத்துக்கு முன் இறந்துவிட்டாள். அவள் மகன் என்னிடம்தான் வளர்கிறான். ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. வாய் ஓயாமல் பேசுவான், பெரிய மனுஷன் மாதிரி பேசுகிறான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் நேற்று ஒப்பித்த மூன்றாம் வாய்ப்பாடு இன்று தெரியாது. கடைக்கு அனுப்பினால் மீதிக் காசு வராது. அடுத்த பையனின் பென்சில் பாக்ஸ் இவன் பையில் இருக்கும். கேட்டால் நம்பும்படி ஒரு கதை சொல்வான். எவ்வளவு அடித்தாலும் மறுநாள் அதே தப்பு. ஒரு டாக்டர் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) என்றார். டீச்சர் சோம்பேறி என்கிறார். தங்கை கர்ப்பமாக இருந்தபோது குடித்தாள். முதல் இரண்டரை மாதம் கர்ப்பம் என்றே அவளுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் கணவரோடு சேர்ந்து ஒரு குவாட்டரைப் பாதி பாதியாகக் குடிப்பது ஐந்தாம் மாதம் வரை நடந்தது. பிறந்தபோது 2.1 கிலோ. மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் முகப் படங்களை இணையத்தில் பார்த்தேன். இவன் முகம் அப்படி இல்லை. அப்படியானால் இவனுக்கு அது இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? இருந்தால் குணமாகுமா? அவன் அம்மாவைப் பற்றி அவனிடம் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முகத்தைப் பார்த்து இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில், கருவில் மது பட்டதால் வரும் மூளைப் பாதிப்புக்காக இந்தப் பையனை முறையாகப் பரிசோதிக்கப் போதுமான காரணம் இருக்கிறது. பரிசோதனைக்கு நாள் கிடைக்கும்வரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: அடிப்பதை நிறுத்துங்கள். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பாதிப்புகளை மொத்தமாக ஃபீட்டல் ஆல்கஹால் ஸ்பெக்ட்ரம் டிஸார்டர், சுருக்கமாக எஃப்.ஏ.எஸ்.டி. என்கிறோம். 1968இல் பிரான்ஸின் நான்ட் நகரில் பால் லெமுவான் என்ற மருத்துவர், குடிப்பழக்கம் உள்ள பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அது அதிகம் பேரை எட்டவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் இதே நிலையை விவரித்துப் பெயரும் வைத்தார்கள். அவர்கள் பிறவி உருவ மாறுபாடுகளை ஆராய்பவர்கள். அதனால் முகம்தான் முதலில் பதிவானது. நீங்கள் பார்த்த படங்கள் அந்த வழியில் வந்தவை.

அந்த முகத்துக்கு மூன்று அடையாளங்கள்: கண் திறப்பின் நீளம் குறைவாக இருப்பது, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய பள்ளம் மழுங்கி வழவழப்பாக இருப்பது, மேலுதடு மெல்லியதாக இருப்பது. பின்னால் சொல்லப்போகும் கனடா வழிகாட்டுதலில் மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் கணக்கு. முகத்தின் நடுப்பகுதி இப்படி அமைவது கரு உருவான மூன்றாவது வாரத்தையொட்டிய மிகச் சில நாட்களில். அந்த நாட்களில் தாயின் ரத்தத்தில் மது அதிகமாக இருந்திருந்தால் முகத்தில் தெரியலாம். இல்லையென்றால் தெரியாது. மூளையோ ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது, ஆகவே எந்த மாதத்தில் மது வந்தாலும் அதற்கு ஆபத்துதான். எஃப்.ஏ.எஸ்.டி. உள்ளவர்களில் மூன்று முக அடையாளங்களும் உள்ளவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. முகத்தை மட்டும் தேடினால் மற்ற அத்தனை பேரும் தவறிப்போவார்கள்.

இன்னொன்று, இதை வீட்டில் போட்டோவை வைத்துப் பார்க்கக் கூடாது. குழந்தை லேசாகச் சிரித்தாலும் மேலுதடு மெலிந்து, பள்ளம் தட்டையாகிவிடும். இல்லாத அடையாளம் இருப்பதுபோல் தோன்றும். மருத்துவர் பார்க்கும்போது உதடு மூடி, முகம் தளர்ந்திருக்க வேண்டும். கண்ணை அகலத் திறந்து மேலே பார்க்கச் சொல்லி, ஒளி ஊடுருவும் ஸ்கேலால் உள்முனையிலிருந்து வெளிமுனைவரை மில்லிமீட்டரில் அளந்து, வயதுக்குரிய அட்டவணையோடு ஒப்பிடுவார். உதட்டுக்கும் பள்ளத்துக்கும் ஐந்து படிகள் கொண்ட படவரிசை இருக்கிறது. 4, 5 என்ற படிகள்தான் அடையாளமாகக் கொள்ளப்படும். அந்தப் படவரிசைகள் அமெரிக்காவில் வெள்ளையரையும் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் வைத்து உருவானவை. நம் குழந்தைகளைப் பார்த்துப் பழகிய கண் வேண்டும்.

தங்கை குடித்த அளவைப் பற்றி. தாய் குடித்த சிறிது நேரத்தில் மது நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் ரத்தத்திலும் ஏறத்தாழ அதே அளவுக்கு வந்துவிடும். அதை உடைக்கும் சக்தி சிசுவின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. சிறுநீர் வழியாகப் பனிக்குட நீருக்குப் போய், குழந்தை அந்த நீரையே மறுபடி விழுங்குவதால், தாய்க்குத் தெளிந்த பிறகும் குழந்தைக்கு மது தீர்ந்திருக்காது. நரம்பு செல்கள் சாகின்றன, சாகாதவை போய்ச் சேர வேண்டிய இடத்தைத் தவறவிடுகின்றன, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பாலம் சரியாக உருவாகாமல் போகலாம்.

ஒரு குவாட்டர், அதாவது 180 மில்லி பிராந்தியில் 42.8 சதவீதம் மது என்றால், தூய ஆல்கஹால் சுமார் 60 கிராம். பாதி என்றால் 30 கிராம். கனடாவின் வழிகாட்டுதல் கர்ப்பத்தில் வாரம் ஏழு அளவுகளோ அதற்கு மேலோ, அல்லது ஒரே அமர்வில் நான்கும் அதற்கு மேலுமாகக் குறைந்தது இரண்டு முறையோ குடித்திருந்தால் அதைக் கணிசமான பாதிப்பு வாய்ப்பாகக் கொள்கிறது. அங்கே ஓர் அளவு என்பது 13.6 கிராம். பாதி குவாட்டர் அந்தக் கணக்கில் இரண்டுக்கு மேல். வாரத்தில் நான்கு நாள் என்றாலே ஏழு அளவுகளைத் தாண்டிவிடும். ஒரு முழு குவாட்டரை ஒரே அமர்வில் குடித்தால் நான்கைத் தாண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை உங்களால் முடிந்தவரை விசாரித்து எழுதி வையுங்கள். அதே அளவு மது பட்ட எல்லாக் குழந்தைகளும் பாதிக்கப்படுவதில்லை. உலக அளவில் செய்த ஒரு மதிப்பீட்டின்படி, கருவில் மது பட்ட 13 குழந்தைகளில் ஒரு குழந்தைக்கு எஃப்.ஏ.எஸ்.டி. வருகிறது. தாயின் சத்துணவு, மரபணு, புகை, வேறு நோய்கள் எல்லாம் இதில் சேர்கின்றன. பாதுகாப்பான அளவு என்று எதையும் யாராலும் சொல்ல முடிந்ததில்லை.

பிறந்த எடை 2.1 கிலோ என்பது நிறைமாதம் என்றால் குறைவு, ஏனென்றால் 2.5 கிலோவுக்குக் கீழே எதுவும் குறைஎடைதான். ஆனால் 34 வாரத்தில் பிறந்திருந்தால் அது வாரத்துக்கு ஏற்ற எடை. எத்தனையாவது வாரம் என்பது தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டில் வாரமும் பிறந்தபோது தலைச் சுற்றளவும் இருக்கும். தொலைந்திருந்தால் தாய் சேய் நல அட்டையைத் தேடுங்கள். அதிலுள்ள பிக்மி (கர்ப்பப் பதிவு) எண்ணை வைத்துக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் பழைய பதிவு கிடைக்க வாய்ப்பு உண்டு.

இனி நீங்கள் எழுதிய நடத்தைகளுக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தில் முக்கியமானது இந்தப் பகுதிதான்.

வாய் ஓயாமல் பேசுகிறான் என்கிறீர்கள். இந்தக் குழந்தைகளில் பலருக்குப் பேசும் திறன் புரிந்துகொள்ளும் திறனைவிட நன்றாக இருக்கும். கேட்ட வாக்கியங்களை அழகாகத் திருப்பிச் சொல்வார்கள். எதிரே இருப்பவர் இவனுக்கு எல்லாம் புரிகிறது என்று நினைத்து, பெரிய பையனுக்குச் சொல்வதுபோல் நீளமாகச் சொல்வார். அவன் முதல் பாதியோடு விட்டுவிடுவான். புரிந்ததா என்று கேட்டால் புரிந்தது என்பான். என்ன சொன்னேன் என்று கேட்டால் அதையும் ஒப்பிப்பான். செய்து காட்டு என்று சொல்லிப் பாருங்கள். அங்கேதான் தெரியும்.

வாய்ப்பாடு நேற்று வந்தது, இன்று வரவில்லை, வியாழக்கிழமை திரும்ப வரும். மூளையில் போய்ச் சேர்ந்தது வேண்டும்போது வெளியே வராத கோளாறு இது. டீச்சருக்குச் சோம்பேறித்தனமாகத் தெரிவதற்கு முழுக் காரணமும் இதுதான். ஒருநாள் செய்தவன் மறுநாள் செய்யாவிட்டால் வேண்டுமென்றே செய்கிறான் என்று யாருக்கும் தோன்றும். இந்தப் பாதிப்பில் ஏற்ற இறக்கமே ஓர் அறிகுறி.

காசும் நேரமும் கையால் தொட முடியாதவை. பத்து ரூபாய் தாளைத் தொடலாம், அதன் மதிப்பைத் தொட முடியாது. அதனால்தான் இவர்களுக்குக் கணக்கு மற்றப் பாடங்களைவிட மோசமாக இருக்கும். மீதிக் காசை யாருக்காவது கொடுத்திருக்கலாம், எங்காவது வைத்திருக்கலாம், கடைக்காரர் தரவே இல்லாமலும் இருக்கலாம். மூன்றில் எது என்று அவனுக்கே தெரியாமல் போகலாம்.

பென்சில் பாக்ஸ் விஷயமும் இதே வகை. 'என்னுடையது', 'அவனுடையது' என்பதும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. மேஜையில் இருந்தது, பிடித்திருந்தது, எடுத்தான். எடுக்கலாமா என்று நின்று யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி இவனுக்கு மெதுவாக வேலை செய்கிறது. பிறகு நீங்கள் ஏன், எப்போது, எப்படி என்று அடுக்கினால், நினைவில் இருக்கும் ஓட்டையை மூளை தானாக ஒரு கதையால் நிரப்புகிறது. அவன் சொல்லும்போது அதை அவனே நம்புகிறான். உங்களை ஏமாற்ற யோசித்துக் கட்டிய பொய்க்குத் திட்டமிடல் வேண்டும். அதுதானே இவனிடம் குறைவு. விசாரணை எவ்வளவு நீளமோ கதையும் அவ்வளவு நீளும்.

அடி ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. ஒரு தண்டனை வேலை செய்ய, 'நான் அதைச் செய்தேன், அதனால் இது நடந்தது, அடுத்த முறை வேறொரு இடத்தில் இதே மாதிரி வந்தால் செய்யக் கூடாது' என்று மூன்று கண்ணிகளை மூளை இணைக்க வேண்டும். இவன் மூளை அதை இணைப்பதில்லை. நடந்தது மறந்து, அடித்த கை மட்டும் நினைவில் நிற்கும். நீங்கள் கெட்ட எண்ணத்தில் அடிக்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது அவனுக்குப் பயத்தைத் தவிர வேறு எதையும் கற்றுத்தரவில்லை.

இப்போது எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதே நடத்தைகளுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஏ.டி.எச்.டி. என்று சொன்ன மருத்துவர் தவறு என்று நான் சொல்லவில்லை. எஃப்.ஏ.எஸ்.டி. உள்ள குழந்தைகளில் மிகப் பலருக்கு ஏ.டி.எச்.டி.யும் கூடவே இருக்கும், அவர் பாதியைக் கண்டுபிடித்திருக்கலாம். அதைவிட முக்கியமாக, இவன் ஆறு வயதில் அம்மாவை இழந்தவன். குடி இருந்த வீட்டில் சண்டையும் அடிதடியும் இருந்திருக்கலாம். துக்கமும் அதிர்ச்சியும் குழந்தையின் கவனத்தையும் நினைவையும் கோபத்தையும் இதே மாதிரி குலைக்கும். இரண்டு வயதிலிருந்தே இப்படியா, அம்மா போன பிறகு இப்படியா என்பதை நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். எப்போது குப்புற விழுந்தான், எப்போது நடந்தான், எப்போது பேசினான், பாலர் பள்ளியில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இங்கே பயன்படும். காது, கண், தைராய்டு, ரத்தசோகை, ரத்தத்தில் ஈயம், தூக்கத்தில் குறட்டை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சில விநாடி பார்வை நிலைகுத்தி நின்றுவிட்டுத் திரும்பினால் வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம், அதையும் சொல்லுங்கள். இதே மாதிரி முகமும் மந்தமும் தரும் சில மரபணு நோய்கள் இருப்பதால், குரோமோசோம் மைக்ரோஅரே, ஃபிரஜைல் எக்ஸ் ஆகிய பரிசோதனைகளையும் மருத்துவர் கேட்கலாம். எஃப்.ஏ.எஸ்.டி.யைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேனும் பெரும்பாலும் இயல்பாகவே வரும். இயல்பான எம்.ஆர்.ஐ. கையில் இருந்தால் பாதிப்பு இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

கனடாவின் வழிகாட்டுதல் மூளையின் வேலையைப் பத்துப் பகுதிகளாகப் பார்க்கிறது. உடல் இயக்கம், மூளையின் அமைப்பு, அறிவுத்திறன், மொழி, படிப்பு, நினைவு, கவனம், திட்டமிட்டு அடக்கிச் செயல்படுதல், உணர்ச்சிக் கட்டுப்பாடு, அன்றாட வாழ்க்கைத் திறனும் சமூகப் பழக்கமும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பகுதிகளில் கடுமையான குறை, அதாவது அதே வயதுக் குழந்தைகளில் கடைசி மூன்று சதவீதத்துக்குள் வருவது, அதோடு கருவில் மது பட்டது உறுதி என்றால், முகம் எப்படியிருந்தாலும் எஃப்.ஏ.எஸ்.டி. என்று சொல்லலாம். அதனால்தான் உங்கள் தங்கை குடித்தது பற்றிய தகவல் இவ்வளவு முக்கியம். முக அடையாளம் இல்லாத குழந்தைக்கு அந்தத் தகவல் இல்லாவிட்டால் நோயைப் பெயரிடவே முடியாது. குடும்ப மானம் என்று மறைக்காமல் எழுதினீர்களே, அது இந்தப் பையனுக்குச் செய்த பெரிய உதவி.

எங்கே போவது? அரசுப் பள்ளியில் படித்தால், பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழுவிடம் சொல்லி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் குழந்தை மருத்துவமும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம், பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனை ஆகியவை அடுத்த கட்டம். எல்லா மருத்துவரும் எஃப்.ஏ.எஸ்.டி.யைப் பார்த்துப் பழகியவர்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். உள்ளே போனதும் "கர்ப்பத்தில் மது பட்ட குழந்தை, அதற்காகப் பரிசோதிக்க வேண்டும்" என்று நீங்களே முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். துறுதுறுப்பு, மந்தம் என்று ஆரம்பித்தால் பேச்சு அந்த வழியிலேயே போய்விடும்.

உளவியலாளர் ஐ.க்யூ. பரிசோதனை செய்வார். நம் ஊரில் மாலின் அளவையோ பினே-காமத்தோ அதிகம். அதோடு நின்றுவிட விடாதீர்கள். இந்தக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களின் ஐ.க்யூ. 70க்கு மேலேயே வரும், அதைப் பார்த்து நன்றாகத்தானே இருக்கிறான் என்று அனுப்பிவிடுவார்கள். தானாகக் குளித்து உடுத்துவது, காசு கையாள்வது, ரோட்டைக் கடப்பது, நண்பர்களோடு ஒத்துப்போவது ஆகியவற்றை அளக்கும் வி.எஸ்.எம்.எஸ். என்ற சமூக முதிர்ச்சி அளவையும் சேர்த்துக் கேளுங்கள். எஃப்.ஏ.எஸ்.டி.யில் இந்த மதிப்பெண் ஐ.க்யூ.வைவிடக் கணிசமாகக் கீழே இருப்பது வழக்கம். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் வீட்டுத் தினசரிப் போராட்டம்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் எஃப்.ஏ.எஸ்.டி. என்ற பெயர் இல்லை. அறிவுத்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு போன்று எதில் பொருந்துகிறதோ அந்தப் பெயரில்தான் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்கும். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். 2018இல் வந்த வழிகாட்டுதலில், கற்றல் குறைபாட்டுச் சோதனைக்குப் போக ஐ.க்யூ. 85க்கு மேல் இருக்க வேண்டும், வயது எட்டாகியிருக்க வேண்டும் என்று இருந்தது. அந்தக் கணக்கில் 70க்கும் 85க்கும் நடுவே இருக்கும் பிள்ளைகள் இரண்டு பக்கமும் சேராமல் நின்றார்கள். எஃப்.ஏ.எஸ்.டி. பிள்ளைகளில் கணிசமானவர்கள் அந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். இது அநியாயம் என்பதே என் கருத்து. உங்கள் பையனும் அங்கே விழுந்தால், சமூக முதிர்ச்சி மதிப்பெண்ணை மருத்துவக் குழுவின் முன் அழுத்திச் சொல்லுங்கள். சான்றிதழ் வராவிட்டாலும், மருத்துவரின் கடிதத்தை வைத்து வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் உதவியைப் பள்ளி மூலம் கேட்கலாம்.

குணமாகுமா என்று கேட்டீர்கள். மூளையில் ஏற்பட்ட மாற்றம் போகாது, வாழ்நாள் முழுதும் இருக்கும். நினைவுச் சக்தி டானிக், எண்ணெய், விலையுயர்ந்த சிகிச்சை என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். ஆனால் வாழ்க்கை எப்படிப் போகும் என்பது வேறு கேள்வி. சியாட்டிலில் ஆன் ஸ்ட்ரைஸ்கத் குழுவினர் 415 பேரை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டதில், சீக்கிரம் கண்டறியப்பட்டு, நிலையான நல்ல வீட்டில் வளர்ந்தவர்கள் பள்ளியிலிருந்து விலகுவது, போலீஸ் வழக்கு, போதை போன்றவற்றிலிருந்து தப்பும் வாய்ப்பு இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம் என்று வந்தது. நிலையான வீட்டை நீங்கள் ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதன் சாரம், அவன் மூளையால் முடியாததைச் சுற்றுப்புறம் செய்து கொடுப்பது. காலையில் "போய்க் குளிச்சிட்டு, யூனிஃபார்ம் போட்டுட்டு, டிபன் பாக்ஸை எடுத்து வச்சுட்டு வா" என்றால் அது அவனுக்கு மூன்று வேலை. குளிக்கப் போய்த் தண்ணீரோடு விளையாடி நிற்பான். ஒரு நேரத்தில் ஒன்று: "குளி." முடித்து வந்ததும், "சட்டை." தினமும் அதே சொல், அதே வரிசை, அதே இடம். அவன் பல் தேய்ப்பது, குளிப்பது, சட்டை போடுவது, சாப்பிடுவது, பை எடுப்பது என ஐந்து போட்டோ எடுத்து, பிரின்ட் போட்டு, அவன் கண் உயரத்தில் வரிசையாக ஒட்டுங்கள். பொம்மைப் படத்தைவிட அவனுடைய போட்டோ நன்றாக வேலை செய்யும். "ஓடாதே" என்பதற்குப் பதில் "நட". "சேட்டை பண்ணாம இரு" என்பதில் அவனுக்கு ஒரு தகவலும் இல்லை. ஐந்து நிமிஷம் என்று வாயால் சொல்லாமல் கண்ணுக்குத் தெரியும் டைமர் வையுங்கள்.

கடைக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டாம். ஒரே கடை, ஒரே பொருள், சரியான சில்லறை, கையில் மாதிரிக்குக் காலிப் பால் பாக்கெட். கடைக்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள். சில மாதம் தடையில்லாமல் நடந்த பிறகு இரண்டாவது பொருள். பென்சில் பாக்ஸுக்கு, தினமும் மாலை ஒரே நேரத்தில் பையை அவனோடு சேர்ந்து திறங்கள். இவனுடையது இல்லாத பொருள் இருந்தால் ஏன் என்று கேட்காமல் ஒரு உறையில் போட்டு, "நாளைக்குக் காலையில டீச்சர் மேஜையில வைக்கணும்" என்று மட்டும் சொல்லுங்கள். அவன் பொருள்கள் எல்லாவற்றிலும் ஒரே நிறத்தில் பெரிய ஸ்டிக்கர் ஒட்டினால், தன்னுடையது எது என்பது கண்ணுக்குத் தெரியும்.

கோபம் வெடிக்கும்போது பேச்சைக் குறையுங்கள். அப்போது அவன் காதில் எதுவும் ஏறாது. கூட்டம், சத்தம், பசி, தூக்கக் குறைவு, சட்டைக் காலரின் லேபிள், திடீரென்று மாறிய திட்டம் இவற்றில் ஏதாவது ஒன்று முன்னால் இருந்திருக்கும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் நேரத்தோடு குறித்தால் எது என்று பிடிபடும். தூங்கும் நேரம் விடுமுறையிலும் மாறக் கூடாது.

இதெல்லாம் எங்கே கெட்டுப்போகிறது தெரியுமா? நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகு. பையன் பழகிவிட்டான், இனி போட்டோ எதற்கு, பை பார்ப்பது எதற்கு என்று வீட்டார் நிறுத்திவிடுவார்கள். ஒரே வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகும், முன்பு செய்தானே என்று மறுபடி கோபம் வரும். மூக்குக்கண்ணாடி போட்டதும் எழுத்து தெரிகிறது என்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றிவிடுவதில்லையே.

பள்ளியில் முன்வரிசை இருக்கை, பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து, வாய்ப்பாட்டு அட்டையை மேஜையிலேயே ஒட்டிக்கொள்ள அனுமதி, போர்டைப் பார்த்து எழுதுவதைக் குறைத்துப் பிரின்ட் தருவது. வகுப்பறையைவிட இடைவேளையில்தான் இவர்கள் சிக்கலில் மாட்டுவார்கள். ஆளில்லாத மைதானத்தில் விடாமல், நூலகத்தில் புத்தகம் அடுக்குவது போல ஒரு வேலை கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டுப்பாடம் 20 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

எஃப்.ஏ.எஸ்.டி.க்கென்று மருந்து இல்லை. கவனக்குறைவுக்கு மெத்தில்ஃபெனிடேட் போன்றவை சிலருக்கு உதவும், சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். குறைந்த அளவில் தொடங்கி, பசி, எடை, தூக்கம் பார்த்து ஏற்ற வேண்டும். ஏற்கனவே கொடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னும் நான்கு வருடத்தில் வரப்போவதையும் சொல்லிவிடுகிறேன். உயரம் பதினாறு வயதுக்கும், எது ஆபத்து என்கிற புரிதல் எட்டு வயதுக்கும் இருக்கும் காலம் அது. யார் நண்பன் என்று சொன்னாலும் நம்புவான். திருட்டு பைக்கை ஓட்டச் சொன்னால் ஓட்டுவான், போனில் ஓ.டி.பி. கேட்டால் சொல்வான், போலீஸ் கேட்டால் செய்யாததையும் செய்தேன் என்பான். இப்போதே ஒரு வாக்கியத்தைப் பழக்குங்கள்: "எங்க பெரியம்மாவுக்குப் போன் பண்ணணும்." உங்கள் நம்பர் அவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும். உடலைத் தொடுவது பற்றிய விதிகளை, ஆண்பிள்ளைதானே என்று விடாமல், தெளிவான சொற்களில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ஏதாவது நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. மது அவனுக்கும் எளிதில் ஒட்டும், வீட்டில் பாட்டிலே இருக்கக் கூடாது.

அம்மாவைப் பற்றி. ஒன்பது வயதுக்கு இவ்வளவு போதும்: "நீ வயித்துல இருக்கும்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. குடிக்கிற பழக்கம் ஒரு நோய், அதை விட முடியல. அதனால உன் மூளைக்கு ஞாபகம் வச்சுக்கிறது கஷ்டமா இருக்கு. அது உன் தப்பு இல்ல. அம்மாவுக்கு உன்மேல ரொம்ப ஆசை." ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டாம், கேட்கும்போது அதே சொற்களில் திரும்பச் சொல்லுங்கள். உறவினர்கள் சண்டையில் வீசும் சொல்லாக அவன் முதன்முதலில் இதைக் கேட்கக் கூடாது என்பதுதான் முக்கியம். கர்ப்பம் என்றே தெரியாமல் இரண்டரை மாதம் போனது, குடிக்கும் கணவரோடு வாழ்ந்தது இவை உங்கள் தங்கையின் கதையில் இருக்கின்றன. அவரை மன்னிக்கச் சொல்லும் உரிமை எனக்கில்லை, ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை நம்புங்கள்.

இதைப் படிக்கும் கர்ப்பிணி யாராவது குடித்துக்கொண்டிருந்தால், எந்த மாதமானாலும் நிறுத்துவதால் குழந்தைக்கு நன்மை உண்டு. தினமும் அதிகம் குடிப்பவர் வீட்டில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவமனையில் சேர்ந்து நிறுத்த வேண்டும். அரிஷ்டங்களிலும் நொதிப்பதால் உண்டாகும் மது இருக்கிறது, கர்ப்பத்தில் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குக் குளிருக்கென்று கொடுக்கும் பிராந்தி எஃப்.ஏ.எஸ்.டி.யைத் தராது, ஆனால் தாய்ப்பாலில் போகும், அதற்கு அவசியமும் இல்லை.

முதல் சந்திப்புக்கு டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, மூன்று வருட ரேங்க் கார்டு, எழுத்து நோட்டு ஒன்று, கோபம் குறித்த அந்த இரண்டு வார நோட்டு, அப்பா இருந்தால் மது பற்றி அவர் சொன்னதை நாளும் அளவும் போட்டு எழுதிய தாள் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். முடிவு வந்ததும், அவனுக்கு எது முடியும், எது முடியாது, எப்படிச் சொன்னால் கேட்பான் என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜூனிலும் வகுப்பாசிரியர் மாறுவார், பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே அந்தத் தாள் அவர் கையில் இருக்க வேண்டும்.